நான்கு தலை கொடுத்த வள்ளல்

சான்ட்ரிங்ஹாம் என்பது இங்கிலாந்து அரச குடும்பத்து மாளிகையின் பெயர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1936 ஜனவரியில் கண்மூடியது அந்த மாளிகையில்தான். ஆக்லாந்தில் அதே பெயரைத் தாங்கி நிற்கும் நம் ஊரோ முன்னர் ஈடன்டேல். அதற்கும் முன்னர் வெறும் சதுப்பு. அரண்மனையின் பெயரைச் சூட்டியவர்கள் அரசர் ஒருவரை அனுப்பிவைக்க மறந்துவிட்டார்களே என்று, மளிகைக் கடையும் மிட்டாய்க் கடையும் தோசைக் கடையும் மணக்கும் சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் நான் மனம் வெதும்பியதுண்டு. அந்தக் குறையும் தீர்ந்தது. தகரக் கதவு போட்ட கராஜ் ஒன்றில், காரை மழையில் நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் கொலுவீற்றிருக்கிறார் நம் காலத்து வள்ளல். அவருடைய திருநாமத்தை உச்சரிக்கும் தகுதி என் நாவுக்கு இல்லாதபடியால், ஊரார் அழைப்பதுபோலவே அண்ணாச்சி என்று குறிப்பிடுகிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, கடல் பல கடந்து இத்தீவுக்கு எழுந்தருளிய அண்ணாச்சியின் மெய்க்கீர்த்தியைக் கல்லில் வெட்ட வேண்டும். இங்கே கல்லெல்லாம் எரிமலைக் கல், உளி ஏறாது. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். போட்டோ அச்சடிக்கப் பிறந்த ஓர் இங்க்ஜெட் பிரிண்டரின் தலையைப் பிடித்து, 'இன்றுமுதல் நீ பனியனுக்கு அச்சடி' என்று ஆணையிட்டவர் அவர். அந்த ஆணையைத் தலை இன்றுவரை ஏற்கவில்லை என்பது தலையின் குறை. ஆணையின் கம்பீரத்துக்கு அதனால் ஒரு பங்கமும் இல்லை.

டிடிஎஃப் என்னும் அந்தக் கலையை அறியாத பாமரருக்கு ஒரு வார்த்தை. துணியின்மேல் நேராக அச்சடிக்காமல், கண்ணாடிபோன்ற பெட் ஃபிலிமில் படத்தை இடவலம் மாற்றி அச்சடிப்பார்கள். முதலில் வண்ணங்கள், அவற்றின்மேல் வெள்ளை மை. மை ஈரமாக இருக்கும்போதே பசைப் பவுடரைத் தூவி, மிச்சத்தை உதறிவிட்டு, சூட்டில் உருக்குவார்கள். பிறகு ஃபிலிமைச் சட்டைமேல் கவிழ்த்து ஹீட் பிரஸ்ஸில் சில விநாடி அழுத்தினால் படம் துணிக்கு வந்துவிடும். ஃபிலிமை உரித்து எறியலாம். கறுப்புச் சட்டையிலும் மஞ்சள் மஞ்சளாகவே தெரிவது அடியில் படியும் வெள்ளையின் தயவால். இதற்கென்றே பிறந்த மெஷின்கள் விற்கின்றன. மெஷின் வாங்க முடியாதவர்கள் படத்தை அனுப்பினால், அச்சடித்து மீட்டர் கணக்கில் ஃபிலிமாகத் தரும் கடைகளும் இருக்கின்றன. பதினைந்து சட்டைக்கு ஒரு மீட்டரும் சில்லறையும் போதும். கற்பனை வறண்டவர்கள் அந்த வழியில் போவார்கள். அண்ணாச்சி சிக்கனக்காரர். அத்தனை காசு கொடுப்பானேன் என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்து பெருகியதுதான் நான் சொல்லப்போகும் கொடையாறு முழுவதும்.

அவர் தேர்ந்தெடுத்தது ஏ3 அளவுத் தாளை ஏற்கும், ஆறு மைத்தொட்டி கொண்ட பிரிண்டர். எப்சன் எல்1800 போன்ற ஜாதி. உலகெங்கும் கராஜ் மேதைகளின் கத்திக்கு இந்த ஜாதிதான் கழுத்து நீட்டியிருக்கிறது. அந்தத் தலையின் வண்ணம் ஒவ்வொன்றுக்கும் 90 துளைகள். ஆறு வண்ணத்துக்கும் சேர்த்து 540. ஒரு துளி 1.5 பிகோலிட்டர் வரை சிறுக்கும். ஒரு மில்லிலிட்டர் மையிலிருந்து அப்படிப்பட்ட துளிகள் 66 கோடிக்குமேல் எடுக்கலாம். மையைக் கொதிக்கவைத்துக் குமிழியால் தள்ளும் தலைகளைப் போலன்றி, மின்சாரம் பட்டதும் அசையும் படிகத்தால் துளியை உந்தும் நுட்பம் இது. 1993-இல் எப்சன் தன் பிரிண்டர்களில் கொண்டுவந்தது. சூடு படாததால் எந்த மையையும் பருகும் என்று ஒரு நம்பிக்கை. இத்தனை நுட்பத்தையும் ஜப்பானியர் போட்டோ அடிப்பதற்கென்று வீணடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

முதல் கொடை உத்தரவாதம். அதே 1993-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாடாளுமன்றம் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் என்று ஒன்றை இயற்றி, வாங்கிய பொருள் வேலை செய்யவில்லை என்றால் கடைக்காரரின் சட்டையைப் பிடிக்கும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்தது. வாங்கிய பொருளைக் கூறுபோட்டவனுக்கு அந்த உரிமை இல்லை. பாரி தேரைக் கொடுத்தபோது அது ஓடிக்கொண்டிருந்த தேர். அண்ணாச்சியோ பெட்டியிலிருந்து எடுத்த பிரிண்டரை ஒரு பக்கம்கூட அச்சடித்துப் பார்க்காமல், பாலித்தீன் உறையின் மணம் மாறுமுன், மரை திருப்பியை எடுத்து மூடியைக் கழற்றினார். ஒரு தேசத்தின் நாடாளுமன்றம் கூடிக் கொடுத்த உரிமையைக் கண நேரத்தில் தானம் செய்த கரத்தை எந்தப் புலவன் பாடுவான்!

பிறகு நடந்தது சஸ்திர வைத்தியம். ஈர மையில் தடம் பதிக்கும் என்பதால் நட்சத்திரப் பற்சக்கரங்கள் பிடுங்கப்பட்டன. தாளை இழுக்கும் உருளைகளுக்குப் பதவி பறிபோனது. தாள் இருக்கிறதா இல்லையா என்று எந்நேரமும் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்த சென்சாருக்கு ஒரு துண்டு டேப் ஒட்டி, 'இருக்கிறது என்று நம்பு' என்று ஞானோபதேசம் அருளப்பட்டது. குறுக்கே நின்ற பிளாஸ்டிக்கை ரம்பத்தால் அறுத்தார். அறுத்த பிறகு எது குறுக்கே நின்றது, எது தாங்கி நின்றது என்று கண்டறிந்தார். இந்த வரிசையில் ஆராய்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அண்ணாச்சியின் ஆயுதசாலையை ஒருமுறை தரிசித்தவர்களுக்குத் திருப்பூரின் மீதிருந்த மதிப்பே போய்விடும். அங்கே ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் தொழிலாளி பிடித்திருக்கும் ஸ்குவீஜியைப் பாருங்கள்: விளிம்பு தேய்ந்து, பிடி கறுத்து, ஏழு வண்ண மை ஏறிக் காய்ந்து, எப்போதும் யாராவது ஒருவர் கழுவிக்கொண்டோ ரப்பர் மாற்றிக்கொண்டோ இருப்பார். பாவம், வேலைக்குப் போய்வந்த கருவி. அண்ணாச்சியின் சுவரிலோ ஊசிகள் உயர வரிசைப்படி நிற்கின்றன. சிரிஞ்சுகள் அளவு வாரியாக. டேம்பர்கள் உறை பிரியாமல். குழாய்கள் சுருள் சுருளாக. ஹீட் பிரஸ்ஸின்மேல் மதினியின் பழைய மயில்கழுத்து வண்ணப் பட்டு போர்த்தியிருக்கிறது. எல்லாமே எண்ணெய் பூசிய பளபளப்பு. ஒன்றின் மீதாவது வேலை செய்த கறை கண்டுபிடித்தால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

இனி வெள்ளை மை. மயில் போர்த்துமா என்று யோசிக்காமல் போர்வை தந்தானே பேகன், அந்தக் கொடைக்கு முன்னோர் கொடைமடம் என்று பெயர் வைத்துச் சென்றார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அந்தச் சொல்லுக்கு ஆக்லாந்தில் உயிர் வந்தது. இளநீலத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் ஏற்பட்ட இரண்டு தொட்டிகளைக் காலி செய்து, அவற்றில் அண்ணாச்சி வெள்ளையை ஊற்றினார். போட்டோ மை சாயம் கரைந்த நீர், சர்பத் மாதிரி. வெள்ளை மையோ டைட்டானியம் டை ஆக்சைடு மிதக்கும் குழம்பு; சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருப்பதும் அதுதான். அந்தப் பொடி தண்ணீரைவிடச் சுமார் நான்கு மடங்கு அடர்த்தி. சும்மா விட்டால் அடியில் படியும், படிந்தால் இறுகும். தலைமயிரைவிட மெல்லிய துளைக்குள் அது உறங்கிவிட்டால் எழுப்பக் கும்பகர்ணனை எழுப்பிய சேனை வேண்டும். இதற்கென்றே பிறந்த மெஷின்களில் வெள்ளையை ஓயாமல் கலக்கிச் சுழற்ற மோட்டார் வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சியின் கராஜில் மோட்டார் இல்லை, மதினி இருக்கிறார். சாம்பார் கொதிக்கும் இடைவெளியில் வந்து பாட்டிலைக் குலுக்கிவிட்டுப் போவார். "மைனி கை பட்டாதான் மை நல்லா ஓடும், பாத்துக்க" என்று அண்ணாச்சி என்னிடம் சொல்லும்போது அந்தக் குரலில்தான் எத்தனை தாராளம்! மனைவிக்கு உத்தியோகம் கொடுக்கும் கணவர்கள் இந்த ஊரில் வேறு எத்தனை பேர்?

வள்ளன்மையின் சிகரத்துக்கு வருகிறேன். பாடி வந்த புலவனுக்குத் தர வேறொன்றும் இல்லாமல், தன் தலையையே கொய்துகொள் என்று வாளை நீட்டியவன் குமணன். அவனைத் தமிழ் உலகம் மறக்கவில்லை. ஆனால் நடுநிலையோடு பேசுவோமானால், குமணன் கொடுக்க முன்வந்தது ஒரே ஒரு தலை; அதுவும் கடைசியில் போகவில்லை. அண்ணாச்சி இதுவரை நான்கு தலை கொடுத்திருக்கிறார். நான்கும் போய்விட்டன.

முதல் தலை, ஒரு நீண்ட வாரயிறுதியில் குடும்பம் ரோட்டோருவா போய்த் திரும்புவதற்குள் வெள்ளை உறைந்து சமாதி அடைந்தது. இரண்டாம் தலையைக் காப்பாற்ற அண்ணாச்சி கிளீனிங் சொல்யூஷனைச் சிரிஞ்சில் ஏற்றி அழுத்தினார். அன்பு மிகுதியில் அழுத்தம் சற்று மிகுந்தது; உள்ளிருந்த மென்திரைகள் கிழிந்து, ஆறு தொட்டி மையும் வேற்றுமை மறந்து ஒன்று கலந்தன. சமரசம் உலாவும் இடம் அதுதான். மூன்றாம் தலைக்கு நீராட்டு நடந்தபோது ஒரு சொட்டு நீர் பட்டை வயரின் முனையில் இறங்கிற்று. ஈரம் உலருமுன் சுவிட்சைப் போட்டார். தலை போன அதே நொடியில் மதர்போர்டும் உயிர் நீத்தது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையாரும் உடன் இருந்து உயிர் விட்டாரே, அந்த நட்பை மின்சாரத்தில் நிகழ்த்திக் காட்டியவர் அண்ணாச்சி. நான்காம் தலையில் மை புகும் வாயில் ஒரு வடிகட்டி வலை இருந்தது. வெள்ளை அடைத்துக்கொள்வது அந்த வலையில்தானே, வலையே இல்லாவிட்டால் அடைப்பே இல்லையே என்று தர்க்க சாஸ்திரிகளும் தலைசுற்றும் முடிவுக்கு வந்து, அதைப் பிடுங்கி எறிந்தார். சொன்னபடியே வலையில் அடைப்பு வரவில்லை. வலைக்கு அப்பால் வந்தது.

ஐந்தாம் தலை இப்போது சிங்காசனத்தில் இருக்கிறது. அதற்கு நடக்கும் சேவையைச் சொல்லாமல் விட்டால் என் பேனா சபிக்கப்படும். விடிந்ததும் பல் துலக்குமுன் நாசில் செக் என்னும் துளைச் சோதனை. கோடுகள் முழுதாக விழுந்தால் அன்று வீட்டில் கேசரி. ஒரு கோடு விடுபட்டால் ஹெட் கிளீனிங். இரண்டு விடுபட்டால் பவர் கிளீனிங். மூன்று விடுபட்டால் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கழுவும் ஒவ்வொரு முறையும் ஆறு தொட்டியிலிருந்தும் மை உறிஞ்சப்பட்டு அடியில் இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. சட்டைகள் குடித்த மையைவிட அந்தப் பஞ்சு குடித்தது அதிகம் என்று என் சிற்றறிவுக்குப் படுகிறது. பஞ்சு நிறைந்துவிட்டது என்று எந்திரம் ஒருநாள் இரண்டு சிவப்பு விளக்கையும் மாறி மாறிக் கண்சிமிட்டி முறையிட்டது. அண்ணாச்சி பஞ்சை மாற்றவில்லை. கணக்கைப் பூஜ்யமாக்கும் ஒரு குட்டிப் புரோகிராமை ஓட்டினார். பஞ்சு காலியாகிவிட்டது என்று எந்திரம் நம்பியது. மேஜையின்கீழ் விரித்திருந்த கம்பளம் நம்பவில்லை.

ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்கும் அறுபதுக்கும் நடுவில் இருப்பதுதான் தலைக்கு உகந்தது. ஆக்லாந்து மழைக்காலத்தில் பவுடர் ஈரம் இழுத்துக் கட்டி தட்டுகிறது. ஹீட்டரைப் போட்டால் துளை காய்கிறது. ஆகவே அண்ணாச்சி நள்ளிரவில் எழுந்து ஈரப்பதமானியைப் பார்த்துவிட்டுப் படுக்கிறார். பச்சைக் குழந்தை இருந்த காலத்திலும் அவர் அப்படி எழுந்ததில்லை என்று மதினி மெச்சிக்கொண்டார். சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போகவில்லை. மூன்று வாரம் தலையை யார் நனைப்பது? முகூர்த்தத்தை வீடியோவில் பார்த்தார். மாப்பிள்ளை தாலி கட்டும் சமயம் பார்த்து நாசில் செக் ஓடி முடிந்ததால் அதையும் முழுதாகப் பார்க்கவில்லை. துறவு என்றால் இது.

விஞ்ஞானத்துக்கும் அவருடைய கொடை உண்டு. படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் இருவர் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அசையும் என்பது அதன் மறுபக்கம். பிரிண்டர் தலை இயங்குவது அதனால்தான். இந்த இரண்டோடு உலகம் நின்றுவிட்டது. அசைய மறுக்கும் படிகத்தின் முன் மனிதனை உட்காரவைத்தால் மூன்றாவதாக ஓர் அழுத்தம் பிறக்கும் என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்து நிறுவியவர் அண்ணாச்சி. அதற்கு இப்போது காலையில் ஒன்று, இரவில் ஒன்று மாத்திரை சாப்பிடுகிறார்.

கொடை வீட்டோடு நின்றால் அது கொடையாகுமா? பசைப் பவுடரை உருக்கச் சுமார் 160 டிகிரி சூடு வேண்டும். அதற்குத் தனி அடுப்பு வாங்குவது சிக்கனத்துக்கு இழுக்கு என்று, மதினி கேக் சுட்டுக்கொண்டிருந்த மேஜை அடுப்பை எடுத்துக்கொண்டார். பாலியூரித்தேனும் மையின் கிளிசரினும் சேர்ந்து எழுப்பும் வெண்புகை கராஜ் கதவிடுக்கால் நடைக்கு வந்தபோது புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. இந்த நாட்டில் வாடகை வீடுகளுக்கு 2016 முதல் அது கட்டாயம். குடியிருப்பவர் அதைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்பதும் சட்டம். அண்ணாச்சி சட்டத்தை மதிப்பவர். கருவியைக் கழற்றவே இல்லை. குளியல் தொப்பி ஒன்றை அதன் தலையில் சூட்டி மௌன விரதம் ஏற்கச் செய்தார். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏதாவது எரிகிறதா என்று கேட்டார். அவருக்கும் மூச்சிலே ஒரு பங்கு போய்ச் சேர்ந்ததை எண்ணி நான் பூரித்தேன். சாதி, மதம், இனம் பாராத ஈகை.

தலையைக் கழுவிய வெண்ணீரும், உதறிய பவுடரில் தரையில் சிந்தியதும், கராஜ் வாசலில் குழாயைப் பிடித்து அடித்தால் ஓட்டுப்பாதை வழியாகச் சாக்கடை வாயில் இறங்கிவிடும். தெருவோர மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்தை எட்டிப் பார்ப்பதில்லை. ஓடையைத் தேடித்தான் போகும். இந்தப் பக்கத்து நீர் தேடிச் சேரும் மியோலா ஓடை வைட்டமாட்டா துறைமுகத்தில் போய் விழுகிறது. வைட்டமாட்டா என்றால் மின்னும் நீர் என்று பொருள் சொல்வார்கள். பிளாஸ்டிக் பொடி தூவி அந்தப் பெயரை மெய்ப்பிக்க ஒருவராவது முன்வந்தாரே! முல்லைக்குத் தேர் கொடுத்த நாட்டில் பிறந்தவர் விலாங்கு மீனுக்குப் பசை கொடுக்கிறார்.

படத்தை வண்ணம் பிரித்து, வெள்ளையை மேலே போட்டு அனுப்ப ரிப் சாஃப்ட்வேர் என்று ஒன்று வேண்டும். காசு கொடுத்து வாங்குவோர் வாங்கட்டும். அண்ணாச்சிக்கு யாரோ ஒரு முகமறியா நண்பர் பூட்டுடைத்த பிரதியை அனுப்பினார். நிறுவுமுன் ஆன்டிவைரஸை அணைத்துவிட வேண்டும் என்ற ஒரே ஓர் எளிய நிபந்தனையுடன். அணைத்தார். மதினி வங்கிக் கணக்கு பார்ப்பதும் குழந்தைகள் பள்ளிப் பாடம் செய்வதும் அதே லேப்டாப்பில்தான். முன்பின் தெரியாதவனுக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்து வா என்றழைக்கும் இந்த விருந்தோம்பலை, இரவில் வாசற்கதவை அடைக்குமுன் விருந்தினர் உண்டா என்று கேட்ட நம் முன்னோரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

இந்நாட்டார் எட்டாம் எண் கம்பி என்று ஒரு பெருமை பேசுவார்கள். வேலி கட்டும் நான்கு மில்லிமீட்டர் கம்பி ஒன்று இருந்தால் எதையும் சரிசெய்துவிடுவோம் என்பது அதன் பொருள். தமிழருக்கும் இந்த மண்ணில் அப்படியொரு மரபு உண்டு. 1836 வாக்கில் வடக்கே வாங்காரெய் அருகே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரத்தை வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி கண்டார். பாத்திரமல்ல, கவிழ்த்துப் பிடித்த மணி. சுற்றிலும் தமிழ் எழுத்து. மொகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் பொறித்திருக்கிறது. வெலிங்டனில் டே பாபா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஒன்றுக்குப் பிறந்த பொருளை வேறொன்றுக்குத் திருப்புவதில் நமக்கிருக்கும் சொந்தம் எவ்வளவு பழையது பாருங்கள்! ஆனால் அந்தப் பெண்மணிகளை அண்ணாச்சியோடு வைத்துப் பேசுவது தகாது. அவர்கள் செய்ததில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? கிழங்கு வெந்தது. மணியும் மணியாகவே இருந்தது.

கடைசியாக, இத்தனை வேள்விக்கும் பயனாக வந்த சட்டை. 2015 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவை வென்று நியூசிலாந்து உலகக் கோப்பை இறுதிக்குள் நுழைந்த ஈடன் பார்க் மைதானம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்தக் காற்றுப் பட்டதால் நம் பையன்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிரிக்கெட் அணியாகக் கூடுவார்கள். பதினைந்து சட்டை, நெஞ்சில் 'வெற்றி நமதே' என்ற வாசகம், ஆர்டர் அண்ணாச்சிக்கு. சீசன் தொடங்குமுன் கேட்டோம். சீசன் முடிந்து பதினோராம் நாள் கொடுத்தார். "அவசரப்பட்டா கலை வராதுடே" என்றார். வெளியில் அடித்திருந்தால் ஆகும் செலவைக் காட்டிலும் சட்டைக்கு எத்தனை டாலர் மிச்சம் என்று அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். தலைகளின் விலை அந்தத் தாளில் இல்லை. தானத்தைக் கணக்கில் எழுதுவது வள்ளல்களுக்கு அழகன்று.

என் சட்டையை நான் போற்றிப் பாதுகாக்கிறேன். முதல் சலவையில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் ஓரங்கள் உரிந்து எழுந்து நின்றன. மூன்றாவதில் 'ற்' மட்டும் விடைபெற்றுக்கொண்டது. 'வெறி நமதே' என்று நெஞ்சில் தாங்கியபடி கோயிலுக்குப் போனேன். எல்லாரும் மரியாதையாக வழிவிட்டார்கள்.

போன வாரம் அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். மின்னணுப் பொருள்களின் கழிவை முன்னுரிமையாகக் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று என்று 2020-இல் அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். அறிவிப்போடு அரசு நிற்க, செயலில் இறங்கியவர் அண்ணாச்சிதான்: சடலமான பிரிண்டர்கள் வாசலில் அணிவகுத்து, ஆண்டுக்கொருமுறை பழம்பொருள் அள்ள வரும் மாநகராட்சி லாரிக்குக் காத்திருந்தன. உள்ளே ஐந்தாம் தலையின் நாசில் செக் தாள் தொங்கியது. வெள்ளைக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. வெள்ளைத் தாளில் வெள்ளை தெரியாதல்லவா என்று நான் பணிவோடு கேட்டேன். "அது கறுப்புத் தாளு டே" என்றார். "சும்மா ஏர் லாக்குதான். சரியாயிடும்."

விடைபெறும்போது மேஜை இழுப்பறையைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றிய எதையோ எடுத்து என் கையில் வைத்தார். முதல் தலை. "வச்சுக்கோ, என்னைக்காவது ஒதவும்" என்றார். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவ்வைக்கு ஈந்த அதியமானின் முகம் அந்தக் கணத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவதா, தலைமுழுகுவதா என்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கேக் அடுப்பை மட்டும் எடுத்துப் பரணில் வைத்துப் பூட்டினாள்.

நேற்று நான்காம் சலவை. 'வெ'யும் 'றி'யும் சேர்ந்தே போய்விட்டன. வெற்றியும் போய், வெறியும் போய், 'நமதே' மட்டும் அசையாமல் நிற்கிறது. எது நமது என்று கேட்பவர்களை அண்ணாச்சியின் கராஜுக்கு வழிகாட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.